கண்டகியின் சாளக்கிராமமும் காரையின் சுருள் கல்லும்

நேபாளத்தின் கண்டகி ஆற்றுப் படுகையில் பொறுக்கியெடுக்கப்படும் சாளக்கிராமத்தை நம்மில் பலர் யாரேனும் ஒருவர் வீட்டுப் பூஜை அறையில் பார்த்திருப்போம். உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கருங்கல் அது. சில கற்களில் ஒரு துளை இருக்கும். விளக்கொளியில் அதனுள் எட்டிப் பார்த்தால், விலா எலும்புகளைப் போன்ற வரிகளோடு உள்நோக்கிச் சுற்றிச் செல்லும் ஒரு சுருள் தெரியும். அதைத் திருமாலின் சக்கரமாக வைணவ மரபு போற்றுகிறது. அந்த ஆற்றின் பள்ளத்தாக்குப் பகுதியில் உள்ள முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. நிலவியலார் அந்தச் சுருளை அம்மோனைட் என்பார்கள். ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் நீந்தித் திரிந்த, இன்றைய கணவாய்க்குத் தூரத்து உறவான ஓர் உயிரினத்தின் ஓட்டுத் தடம் அது. முக்திநாத் இருப்பதோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,700 மீட்டர் உயரத்தில்.

இதே இனத்துச் சுருள்களைப் பார்க்க நேபாளம் வரை போக வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தை ஒட்டி, புல்லும் அரிதாகவே முளைக்கிற செம்மண் நிறக் களிமேடுகளை மழைநீர் ஆழமாக அரித்து வைத்திருக்கிறது. அந்த ஓடைகளில் குனிந்து தேடிய நிலவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக அம்மோனைட்டுகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். இவற்றின் வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். பக்கத்து அரியலூரில் சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தப் பழைய கடல் விட்டுச்சென்றதுதான்.

ஒரு கடலடி இமயத்துக்கு ஏறியது; மற்றொன்று திருச்சிக்கு அருகே ஏறக்குறைய இருந்த இடத்திலேயே கிடக்கிறது. கண்டகிச் சுருள் இந்திய நிலத்தின் வடக்கு விளிம்பையும் காரைச் சுருள் அதன் தென்கிழக்கு விளிம்பையும் சேர்ந்தவை. நிலத்தையும் கடலடியையும் சுமந்து நகரும் ஒரே பாறைத் தட்டில் அமைந்த இந்த நிலத்தின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் நேர்ந்த வெவ்வேறு கதியை விளங்கிக்கொண்டால், புவித்தட்டுகள் எப்படி நகர்கின்றன என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

நிலம் பக்கவாட்டில் நகரும் என்பதை அறிவியல் உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தகைய புதிர்களுக்கு விடையாக முன்வைக்கப்பட்டவை எல்லாம் ஏறுவதும் இறங்குவதும்தான். மடகாஸ்கரில் வாழும் லெமூர்களின் உறவினங்கள் இந்தியாவிலும் காணப்படுவதேன் என்ற கேள்விக்கு, இரு நாடுகளையும் இணைத்திருந்த ஒரு கண்டம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிவிட்டது என்று 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் விடை சொன்னார். அவர் அதற்கு வைத்த பெயர்தான் லெமூரியா. பிற்காலத்தில் நம் இலக்கியங்கள் பேசும் கடல்கோளோடும் குமரிக் கோட்டோடும் அந்தப் பெயர் இணைக்கப்பட்டு, இன்றும் தமிழர் உள்ளத்தில் உணர்வோடு பதிந்திருக்கிறது. அந்த உணர்வை மதிக்கிறேன். ஆனால் லெமூரியா எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததோ அந்தக் கேள்விக்கே வேறு விடை கிடைத்துவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது: இடையில் இருந்த நிலம் மூழ்கவில்லை, ஒட்டியிருந்த இரு நிலங்கள்தாம் விலகிப் போயின. கடல்கோள் நினைவுகளுக்கு வேறு அடிப்படை இருக்கலாம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, கடல் மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரையாகக் கிடந்தது. பனி உருகியபோது கடல் ஏறிக் கடற்கரை நிலங்களை விழுங்கியது. அது கடல் நீர் ஏறிய கதை. கண்டம் மூழ்கிய கதை அன்று.

நிலங்கள் விலகின என்பதை முழுமையான கருதுகோளாக 1912இல் முன்வைத்தவர் ஜெர்மானிய வானிலையியலாளர் ஆல்ஃபிரட் வேகனர். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று குளோசாப்டெரிஸ் என்ற அகன்ற இலைத் தாவரம். அதன் இலைத் தடங்கள் இந்திய நிலக்கரிச் சுரங்கங்களிலும், தென்னாப்பிரிக்காவிலும், ஆஸ்திரேலியாவிலும், தென்னமெரிக்காவிலும் ஒன்றுபோலக் கிடைக்கின்றன. அதே 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் உறைந்து இறந்த பிரிட்டிஷ் துருவப் பயணி ஸ்காட்டின் குழுவினர், தங்களால் நடக்கவே முடியாத நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ பாறைத் துண்டுகளைக் கைவிடாமல் இழுத்து வந்திருந்தார்கள். அவர்களது உடல்களோடு மீட்கப்பட்ட அந்தப் பாறைகளில் குளோசாப்டெரிஸ் இருந்தது. அண்டார்க்டிகாவும் ஒரு காலத்தில் இந்தியாவோடு சேர்ந்து காடாக இருந்த நிலம் என்பதற்கு அதைவிட விலை கொடுத்துப் பெற்ற சான்று வேறில்லை.

வேகனரிடம் சான்றுகள் இருந்தன. நகர்த்தும் விசை எது என்பதற்கு நம்பத்தக்க விடை இல்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் இறந்தபோது அவரது கருத்தைப் பெரும்பாலான நிலவியலார் ஒதுக்கியே வைத்திருந்தனர். விடை தரையில் கிடைக்கவில்லை, கடலடியில் கிடைத்தது. 1950களில் கப்பல்களின் எதிரொலி அளவீடுகளைக் கொண்டு மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் வரைந்த படங்களில், அட்லாண்டிக் கடலின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் ஒரு மலைத்தொடரும் அதன் முதுகு நெடுக ஒரு பள்ளமும் தெரிந்தன. அந்தப் பள்ளத்தில் புதிய கடலடி பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்று 1962இல் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ் எழுதினார். அடுத்த ஆண்டே ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் அதற்குச் சோதனை வழியைக் காட்டினார்கள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பதிந்துகொள்கின்றன. புவிக்காந்தமோ அவ்வப்போது தலைகீழாக மாறுவது. எனவே புதிய கடலடி நடுவிலிருந்து இருபுறமும் விலகுவது உண்மையானால், முகட்டின் இரு பக்கங்களிலும் காந்தப் பட்டைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமைந்திருக்க வேண்டும். அமைந்திருந்தன. 1967, 1968ஆம் ஆண்டுகளில் ஜேசன் மார்கன், டான் மெக்கன்சி, சேவியர் லெ பிஷோன் ஆகியோர், புவியின் மேற்பரப்பு முழுவதும் ஒருசில விறைத்த தட்டுகளால் ஆனது என்பதைக் கணித முறையில் நிறுவிவிட்டனர்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டியிருக்கிறது. வகுப்பறைகளில் இன்றும் அது உயிரோடு இருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தட்டுகள் உருகிய பாறைக் குழம்பின் மேல் தோணிபோல் மிதக்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப்பட்ட குழம்புக் கடல் நம் காலடியில் இல்லை. தட்டு என்பது புவியின் வெளித்தோலான மேலோடும், அதனடியில் ஒட்டியிருக்கும் கவசம் என்ற தடித்த பாறை அடுக்கின் குளிர்ந்த மேற்பகுதியும் சேர்ந்த, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தடிமனுள்ள விறைத்த பாறை. அதற்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீளும் கவசமும் மிகப் பெரும்பாலும் திடப் பாறையே. நிலநடுக்கத்தின் குறுக்கலைகள் திரவத்தின் வழியே செல்லாதவை. அவை கவசத்தைத் தடையின்றிக் கடந்து, கவசத்துக்குக் கீழே உள்ள வெளிக் கருவத்தின் திரவ இரும்பை எட்டியதும்தான் நின்றுபோகின்றன என்பதிலிருந்து இது தெரிகிறது. திடப் பொருள் எப்படி ஓடும் என்று கேட்டால், கொல்லன் பட்டறையை நினைத்துக்கொள்ளலாம். உலையில் சிவக்கக் காய்ச்சிய இரும்பு உருகுவதில்லை. ஆனாலும் குளிர்ந்த இரும்பு மசியாத அடிக்கு அது வளைந்து கொடுக்கிறது. உருகுநிலையை நெருங்கிய கவசப் பாறையும் அப்படித்தான், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற நிதானத்தில் நெகிழ்கிறது.

இந்த நெகிழ்வின் மேல் தட்டுகளை நகர்த்துவது எது? கவசத்தின் வெப்பச் சுழற்சி தட்டுகளை முதுகில் சுமந்து செல்கிறது என்பது பழைய விளக்கம். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் தட்டின் சொந்த எடையையே முதன்மை விசையாகக் கொள்கிறார்கள். முகட்டில் சூடாகப் பிறக்கும் கடலடி, கோடிக்கணக்கான ஆண்டுகள் விலகிச் செல்லும்போது குளிர்ந்து, தடித்து, கடைசியில் தன் கீழே உள்ள கவசத்தைவிட அடர்த்தி மிகுந்ததாகிவிடுகிறது. வாய்ப்புக் கிடைத்த விளிம்பில் அது அமிழத் தொடங்குகிறது. அமிழும் பகுதி மிச்சத் தட்டையும் பின்னால் இழுக்கிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் காயப்போட்ட ஈரப் புடவை, ஒரு பக்கம் சற்றே கூடுதலாகத் தொங்கிவிட்டால் மீதியையும் இழுத்துக்கொண்டு சரிவதைப் பார்த்திருக்கிறோமே, அதே கணக்குத்தான். முகடு உயர்ந்திருப்பதால் அங்கிருந்து சரியும் தள்ளு விசையும் உண்டு; ஆனால் அது இழுவையைவிடச் சிறியது. நீளமான அமிழ்வு விளிம்புகளைக் கொண்ட பசிபிக் தட்டு வேகமாகவும், அத்தகைய விளிம்பு ஏறக்குறைய இல்லாத ஆப்பிரிக்கத் தட்டு மெதுவாகவும் நகர்வது இந்தக் கணக்கோடு பொருந்துகிறது.

கடலடி இவ்வாறு இடைவிடாமல் அமிழ்ந்துகொண்டே இருப்பதால், இன்றைய பெருங்கடல்களின் தரையில் சுமார் 20 கோடி ஆண்டுகளைவிடப் பழைய பாறையைக் காண்பது மிக அரிது. கண்டங்களிலோ 400 கோடி ஆண்டுப் பாறைகளும் உண்டு. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் உள்ள சார்னோக்கைட் பாறையே ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழையது. கண்டப் பாறை இலேசானது. தடிமனும் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர், கடலடி மேலோட்டுக்கு 7 கிலோமீட்டர்தான். அதனால் கண்டம் அமிழ மறுக்கிறது. பிளவின்போது இழுபட்டு மெலிந்த சில துண்டுகள் மொரீஷியஸ் போன்ற தீவுகளுக்கு அடியில் நீருக்குள் கிடப்பது உண்மை. ஆனால் முழுத் தடிமனுள்ள ஒரு கண்டம் கடலுக்குள் மறைய வழியில்லை.

இப்போது இந்தியாவின் பயணத்துக்கு வரலாம். தென் கண்டங்கள் அனைத்தும் சேர்ந்திருந்த கோண்டுவானா, மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரால் அழைக்கப்படுவது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவிலிருந்து பிரியத் தொடங்கியது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளின் மறுபாதி இன்று அண்டார்க்டிகப் பனிக்கடியில் இருக்கிறது. பிளந்த விளிம்பில் நிலம் படிப்படியாகத் தாழ்ந்து காவிரிப் படுகை உருவானது; புதிதாகப் பிறந்த கடல் அதற்குள் புகுந்தது. காரையின் அம்மோனைட்டுகள் நீந்தியது அந்த இளங்கடலில். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் பிரிந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்று ரீயூனியன் தீவு இருக்கும் வெப்பப் புள்ளியின் (கவசத்தின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தின்) மேல் இந்தியா கடந்துகொண்டிருந்தபோது தக்காணத்தின் பசால்ட் எரிமலைக் குழம்பு பெருகியது. அடுக்கடுக்காக இறுகிய அந்தக் குழம்பு இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடியிருக்கிறது.

அந்தக் காலத்தில் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வடக்கே விரைந்தது. ஒரு கண்டத்தைச் சுமந்த தட்டுக்கு இது வியக்கத்தக்க வேகம். வடக்கே இருந்த டெதிஸ் கடலின் பழைய, கனத்த தரை ஆசியாவுக்கு அடியில் அமிழ்ந்து இழுத்ததுதான் அடிப்படைக் காரணம். ஒன்றல்ல, அடுத்தடுத்து இரண்டு அமிழ்வு மண்டலங்கள் இழுத்திருக்கலாம் என்றும், ரீயூனியன் வெப்பப் புள்ளி அடியிலிருந்து தள்ளியிருக்கலாம் என்றும் கருத்துகள் உள்ளன. எப்படியாயினும், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் டெதிஸின் தரை தீர்ந்துபோய், அதன் பின்னால் வந்த இந்தியக் கண்டம் ஆசியாவின் விளிம்பில் மோதியது. வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. இன்று ஜி.பி.எஸ். அளவீடுகளின்படி தென்னிந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குடமுழுக்குச் செய்த 1010ஆம் ஆண்டு முதல் இன்றுவரை, அந்தக் கோயில் நின்ற நிலையிலேயே 50 மீட்டர் பயணம் செய்திருக்கிறது.

மோதிய இடத்தில் நடப்பதை நெற்களத்தில் பார்க்கலாம். பரப்பிய நெல்லைப் பலகையால் தள்ளும்போது, பலகைக்கு முன்னே நெல் குவிந்து மேடாகிறது; மேடு ஓரளவு உயர்ந்ததும் அடுக்கு சரிந்து அடுக்கின் மேல் ஏறுகிறது. இந்தியக் கண்டத்தின் வடக்குக் கரையில் படிந்திருந்த கடல் வண்டல் இறுகி, மடிந்து, உடைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுதான் இமயம். கண்டகியின் அம்மோனைட்டுகள் அந்த வண்டலோடு மேலேறின. எவரெஸ்ட்டின் உச்சிப் பாறையே கடல் உயிர்களின் எச்சங்கள் கலந்த சுண்ணாம்புக்கல்தான். இரு கண்டங்களின் மேலோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தடித்ததால் திபெத்துக்குக் கீழே மேலோடு சுமார் 70 கிலோமீட்டர்.

இந்த நகர்வு மென்மையாக நடப்பதில்லை. இன்றைய நெருக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயத்தின் விளிம்பு தாங்குகிறது. மீதியைத் திபெத்தும் அதற்கு அப்பாலுள்ள மலைகளும் வாங்கிக்கொள்கின்றன. இமயத்துக்கு அடியில் வடக்கு நோக்கிச் சரிந்து செல்லும் பிளவுத்தளத்தின் மேற்பகுதி உராய்வால் பூட்டிக்கொண்டு கிடக்கிறது. வளைத்துப் பிடித்த மூங்கிலைப் போலப் பாறை ஆண்டுக்கணக்கில் இறுக்கத்தைச் சேர்த்து வைத்து, தாங்க முடியாத கணத்தில் விடுபடுகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கூர்க்காவில் தொடங்கிய 7.8 அளவுள்ள நிலநடுக்கத்தில், சுமார் 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. காத்மாண்டு நகரம் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றரை மீட்டருக்கும் மேலாகத் தெற்கே நகர்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தது. அதற்கு வடக்கே இருந்த உயர்ந்த மலைகள் சற்றுத் தாழ்ந்தன. ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். மலை வளர்வது என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுவது இப்படித்தான் நடக்கிறது.

தட்டின் கிழக்கு விளிம்பில் கதை வேறு. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை, இந்தியத் தட்டின் கடலடிப் பகுதி அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே தொடங்கிய உடைப்பு, பத்தே நிமிடங்களுக்குள் வடக்கே சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியது. அமிழும் தட்டோடு பூட்டப்பட்டுக் கீழே இழுபட்டிருந்த மேல் தட்டின் விளிம்பு சட்டென விடுபட்டுப் பல மீட்டர் எழும்பியது. தன் மேலிருந்த கடல் முழுவதையும் அடியிலிருந்து தூக்கியது. எழும்பிய பகுதி மேற்கிலும் தாழ்ந்த பகுதி கிழக்கிலும் இருந்ததால், தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரைக்கும் இலங்கைக்கும் முதலில் வந்ததே ஏறும் அலை. இங்கே பலர் பார்த்த உள்வாங்கல், அலைக்கும் அலைக்கும் இடையில் நேர்ந்தது. ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் வந்த அந்த அலை சென்னையை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தோம். அந்த இரண்டரை மணி நேரத்தில் எச்சரிக்க ஏற்பாடு எதுவும் அன்று இல்லை என்பது இன்றும் நெஞ்சை அறுக்கிறது. ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. அதே உடைப்பில் வட அந்தமானின் பவளப் பாறைகள் நீருக்கு மேலே தூக்கப்பட்டன. கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. தரையில் கட்டப்பட்ட அங்குள்ள கலங்கரை விளக்கம் இப்போது கடலுக்குள் நிற்கிறது.

விளிம்புகளில் இத்தனை நடக்க, தட்டின் உள்ளே இருக்கும் நமக்கு ஆபத்தே இல்லையா என்றால், குறைவு என்றுதான் சொல்லலாம். வடக்கே முட்டி நிற்கும் தட்டின் இறுக்கம் அதன் உடல் முழுவதும் பரவுகிறது. பழைய பிளவுகள் அவ்வப்போது அசைகின்றன. 1993இல் லாத்தூரும் 2001இல் பூஜும் குலுங்கியது அப்படித்தான்.

இன்னும் வியப்பானது 2012 ஏப்ரல் 11. அன்று பிற்பகல் சென்னையில் அலுவலகங்களை விட்டு மக்கள் தெருவில் இறங்கி நின்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம், இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் மற்றொன்று. பேரலை வரும் என்று அஞ்சியிருந்தோம், வரவில்லை. அன்று உடைந்தது அமிழ்வு விளிம்பு அல்ல. அதற்கு வெளியே, தட்டின் உடலுக்குள்ளேயே, பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிச் சென்றன. கடலடி மேலே எழும்பாததால் நீர் பெரிதாகத் தூக்கப்படவில்லை.

இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டில் இருப்பதாக நெடுங்காலம் கருதப்பட்டது. இந்தியப் பகுதியை இமயம் தடுக்கிறது. ஆஸ்திரேலியப் பகுதியோ இந்தோனேசியாவின் அடியில் தடையின்றி அமிழ்ந்து வடக்கே விரைகிறது. இந்த வேக வேறுபாட்டால் தட்டு நடுவில் கிழிபடுகிறது. 2012இல் நாம் உணர்ந்தது அந்தக் கிழிசலின் ஒரு பகுதி. இலங்கைக்குத் தெற்கே நிலநடுக்கோட்டை ஒட்டிய ஆழ்கடலில் தரை அலை அலையாக மடிந்திருப்பதும் அதே அழுத்தத்தால்தான். 1987இல் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே துளையிட்டு வண்டலை எடுத்தது; அதிலிருந்து, மடிப்பு ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்று கணித்தார்கள். கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து அரித்துக் கொண்டுவந்து வங்கக் கடலின் அடிநெடுகப் பரப்பிய மண்தான் அந்த வண்டல். இமயத்தின் மண் அதே இமயம் தடுத்து நிறுத்தும் தட்டின் மேல், மலையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்குத் தெற்கே, மடிந்து கிடக்கிறது.